ஈபிவி பொசிட்டிவ் என்று வந்தால் புற்றுநோய் வருமா?

மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். 15 வயது மகனுக்கு இரண்டு கிழமையாகக் காய்ச்சல், தொண்டை நோ, கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. டெங்கு இல்லை என்று உறுதியான பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனையில் 'ஈபிவி பொசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, தானாக மாறும் என்று டொக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் பெடியனின் மாமா போனில் தேடிப் பார்த்துவிட்டு, இது புற்றுநோய் வைரஸ் என்கிறார். "ஆர் சொல்லுறது உண்மை? என்ரை பிள்ளைக்குப் புற்றுநோய் வருமோ?" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஈபிவி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எப்ஸ்டீன்-பார் வைரஸை, மனிதனில் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமின்றித் தெரிந்தவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1997இல் சேர்த்தது. அதே நேரம், உலகத்தில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமந்துகொண்டுதான் வாழ்கிறார்கள். உங்கள் உடம்பிலும் அந்த மாமாவின் உடம்பிலும் என் உடம்பிலும் அநேகமாக அது இருக்கிறது. அப்படிச் சுமப்பவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் அது புற்றுநோயில் போய் முடிகிறது. வைரஸ் தனியே நின்று அந்த வேலையைச் செய்வதில்லை, கூட இன்னொன்று வந்து சேர வேண்டும். உங்கள் மகனின் அறிக்கையில் அந்த இன்னொன்று பற்றி எதுவும் இல்லை.

அது என்ன என்று விளங்க, வைரஸ் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

இது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். அந்தக் குடும்பத்தை நீங்கள் வேறு வழியில் அறிவீர்கள்: கொப்புளிப்பான் வைரஸும் அதைச் சேர்ந்ததுதான். சின்ன வயதில் அம்மாள் வருத்தம் வந்து மாறியவருக்கு, 60 வயதுக்குப் பிறகு உடம்பின் ஒரு பக்கத்தில் அக்கி போடுவதைக் கண்டிருப்பீர்கள். அது புதிதாகத் தொற்றியது இல்லை. அன்றைக்கு வந்த வைரஸ் நரம்புக்குள் அத்தனை வருடமும் பேசாமல் கிடந்தது. ஒருமுறை நுழைந்தால் உயிருள்ள வரை வெளியேறாமல் இருப்பது இந்தக் குடும்பம் முழுவதுக்கும் பொதுவான குணம். ஈபிவி நரம்பில் ஒளிப்பதில்லை. அது தேர்ந்தெடுத்த இடம் நம்முடைய வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான பி கலம். நோய்க்கிருமிக்கு எதிராகப் பிறபொருளெதிரியைச் செய்து தரும் கலங்கள் இவைதான்.

தொற்றுவது எச்சிலால். ஒரே கோப்பையில் குடிப்பது, அம்மம்மா சோற்றை வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டுவது, கொஞ்சுவது எல்லாம் போதும். சின்ன வயதில் தொற்றினால் அநேகமாக ஒரு குணமும் காட்டாது, இல்லையென்றால் சாதாரணத் தடிமன் காய்ச்சல் போல வந்து போய்விடும். நெருக்கமாக வாழ்கிற இடங்களில் பிள்ளைகளுக்கு இது நேரத்தோடு தொற்றிவிடுகிறது. இடப்பெயர்விலும் முகாமிலும் தறப்பாள் கொட்டில்களிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தொற்ற வாய்ப்பில்லாமல் இருந்திருக்காது. வயது கூடி, 15, 20 வயதில் முதல்முறை தொற்றும்போதுதான் உங்கள் மகனுக்கு வந்ததுபோல் காய்ச்சலும் தொண்டை நோவும் நெறியும் களைப்பும் சேர்ந்து வரும். தொற்றி நான்கு முதல் ஆறு கிழமைக்குப் பிறகே குணங்கள் தெரியும் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று தேடுவது வீண் வேலை.

சரி, உள்ளே போனதும் என்ன நடக்கிறது? தொண்டையின் உட்சுவருக்கும் உள்நாக்குச் சதைக்கும் கீழே பி கலங்கள் கூட்டமாக இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் சிடி21 என்று ஒரு புரதம் உண்டு. வைரஸின் உறையிலுள்ள இன்னொரு புரதம் அதைப் பற்றிக்கொள்ள, வைரஸ் கலத்துக்குள் இறங்கி, தன் டிஎன்ஏயைக் கருவுக்குள் கொண்டுபோய் வட்டமாக மூடி வைத்துக்கொள்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 1,72,000 எழுத்துகள். நம்முடையது 300 கோடி. அளவில் இவ்வளவு சிறியது, ஆனால் நம் கலத்தின் வேலைமுறையை அது படித்து வைத்திருக்கும் விதம் எனக்கு இன்றைக்கும் வியப்பைத் தருகிறது.

ஒரு பி கலம் இயல்பாகப் பெருக வேண்டுமானால் இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று, தனக்குரிய கிருமியை அது சந்தித்திருக்க வேண்டும். இரண்டு, ரி கலம் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலம் பக்கத்தில் வந்து 'பெருகலாம்' என்று சைகை கொடுக்க வேண்டும். இந்த இரட்டை அனுமதிதான் கண்டபடி பெருகாமல் காக்கும் ஏற்பாடு. ஈபிவி இரண்டையும் போலியாகச் செய்துவிடுகிறது. எல்எம்பி2ஏ என்ற அதன் புரதம், கிருமியைச் சந்தித்ததுபோல ஒரு சைகையைக் கலத்துக்குள் கொடுக்கிறது. எல்எம்பி1 என்ற புரதம், ரி கலம் வந்து தொட்டதுபோல, ஆனால் ஒருவரும் தொடாமலே, ஓயாமல் சைகை கொடுக்கிறது. எப்னா2 என்ற மூன்றாவது புரதம் பெருக்கத்துக்கு வேண்டிய பரம்பரையலகுகளை இயக்கிவிடுகிறது. கிருமியும் இல்லை, ரி கலமும் இல்லை, கலமோ பெருகத் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் வைரஸின் டிஎன்ஏயும் பிரதியாகிறது. எப்னா1 என்ற புரதம் அதை நம் நிறமூர்த்தத்தோடு கட்டி வைப்பதால் இரண்டு மகட்கலங்களுக்கும் அது பங்காகிப் போகிறது.

இந்தக் கட்டத்தில் உடம்பு சும்மா இருப்பதில்லை. போலிச் சைகை கொடுக்கும் அந்தப் புரதங்கள் அந்நியமானவை என்று ரி கலங்கள் கண்டுகொண்டு, பெருந்தொகையாகப் பெருகி, தொற்றிய பி கலங்களைத் தேடிக் கொல்கின்றன. உங்கள் மகனின் காய்ச்சலுக்கும் நெறிக்கும் பெரும் காரணம் இந்தச் சண்டைதான். இரத்த அறிக்கையில் வழமைக்கு மாறான நிணநீர்க்குழியங்கள் என்று ஒரு வரி இருந்தால், அவை பெரும்பாலும் இந்த ரி கலங்களே. நெறியைத் தடவிப் பார்த்துப் புற்றுநோய் என்று நடுங்குகிறீர்கள், தங்கச்சி. உங்கள் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி கடுமையாக வேலை செய்வதைத்தான் உங்கள் கை தொட்டுப் பார்க்கிறது.

ஆனால் வைரஸ் முழுதாக அழிவதில்லை. தொற்றிய கலங்களில் சில, நீண்டகாலம் வாழும் ஞாபகப் பி கலங்களாக மாறிவிடுகின்றன. அங்கே வைரஸ் தன் புரதங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுகிறது. காட்டிக்கொடுக்க எதுவும் இல்லாததால் ரி கலம் பக்கத்தால் போனாலும் கண்டுகொள்ளாது. கலம் பிரியும்போது மட்டும் எப்னா1 தேவைப்படுகிறது. அந்தப் புரதத்துக்குள்ளும், கலம் அதை வெட்டி ரி கலங்களுக்குக் காட்டுவதைத் தடுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது விளங்கும்: மேலே தெரிகிற புல்லை எத்தனை தரமும் பிடுங்கலாம், மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். பத்து லட்சம் பி கலங்களில் ஒன்றிலிருந்து ஐம்பது வரை இப்படி வைரஸைச் சுமக்கின்றன. இடையிடையே ஒரு சில கலங்களில் வைரஸ் விழித்து, புதிய வைரஸ்களைச் செய்து எச்சிலுக்குள் விடும். அடுத்தவருக்குத் தொற்றுவது அதனால்தான். அப்படி விழிப்பவற்றை ரி கலங்கள் உடனே கண்டு அழிக்கும். சுகதேகியான ஒருவரின் உடம்பில் இந்த நிலை ஆயுள் முழுவதும் நீடிக்கிறது, அவருக்குத் தெரியாமலே.

புற்றுநோய் இந்தச் சமநிலை குலையும் இடத்தில் வருகிறது. வைரஸுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, தான் வாழும் உடம்பே அழிந்தால் அதுவும் அழியும். எப்படிக் குலைகிறது என்பது நோய்க்கு நோய் வேறு.

முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கதையிலிருந்து சொல்கிறேன். டெனிஸ் பேர்கிட் என்ற ஐரிஷ் சத்திரசிகிச்சை நிபுணர் உகண்டாவில் வேலை செய்தபோது, சின்னப் பிள்ளைகளின் தாடையில் படுவேகமாக வளரும் கட்டிகளைக் கண்டு 1958இல் எழுதினார். மழையும் வெப்பமும் கூடிய பகுதிகளில்தான் இந்தக் கட்டி வருகிறது என்பதையும் அவர் கவனித்தார். 1961இல் லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட அன்ரனி எப்ஸ்டீன், இதற்குள் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினார். உகண்டாவிலிருந்து விமானத்தில் வந்த கட்டித் துண்டுகளில் நீண்ட காலம் ஒன்றும் அகப்படவில்லை. 1963 கடைசியில் பனிமூட்டத்தால் ஒரு விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டு, மாதிரி பிந்தி வந்து சேர்ந்தது. குப்பி கலங்கியிருந்தது. பழுதாகிவிட்டது என்று எறியாமல் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, கட்டியிலிருந்து கழன்ற கலங்கள் உயிரோடு மிதந்தன. அந்தக் கலங்களை வளர்த்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, எப்ஸ்டீனும் டிரினிடாட்டைச் சேர்ந்த பேர்ட் அச்சோங்கும் இவோன் பாரும் 1964இல் வைரஸை அறிவித்தார்கள். மனிதரில் புற்றுநோயோடு தொடர்புபட்டதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் இதுதான். பிறகு அமெரிக்காவில் இந்த வைரஸை ஆராய்ந்த ஹென்லே தம்பதியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒருவருக்கு நெறிக்காய்ச்சல் வந்தது. முன்பு அவரது இரத்தத்தில் இல்லாத பிறபொருளெதிரி காய்ச்சலுக்குப் பின் இருந்தது. உங்கள் மகனுக்கு வந்த காய்ச்சலுக்கும் இதே வைரஸ்தான் காரணம் என்பது அப்படித்தான் 1968இல் வெளிவந்தது.

வைரஸ் எல்லா ஊரிலும் இருக்க, அந்தத் தாடைக் கட்டி ஆபிரிக்காவின் அந்தப் பகுதியில் மட்டும் ஏன் மலிந்திருக்கிறது? மலேரியா. வருடம் முழுவதும் பல்சிப்பாரம் வகை மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும் பிள்ளைகளில், பி கலங்கள் ஓய்வில்லாமல் தூண்டப்படுகின்றன. பி கலம் தன் பிறபொருளெதிரியைத் திருத்தி அமைப்பதற்காகச் சொந்த டிஎன்ஏயை வெட்டும் ஒரு நொதியத்தைப் பயன்படுத்துகிறது. வேலை கூடக் கூட வெட்டு தவறான இடத்தில் விழும் ஆபத்தும் கூடும். அப்படி 8ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு கழன்று 14ஆம் நிறமூர்த்தத்தில் போய் ஒட்டினால், பெருக்கத்தை ஆளும் சி-மிக் என்ற பரம்பரையலகு எப்போதும் இயங்கும் நிலைக்கு வந்துவிடும். இயல்பாக இவ்வளவு பழுதான கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆனால் உள்ளே ஈபிவி இருந்தால் அந்த அழிவை அது தடுக்கிறது. அதே மலேரியா, ஈபிவியைக் காவல் காக்கும் ரி கலங்களையும் தளரச் செய்கிறது. மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பேர்கிட் கட்டி. அது ஓரிரு நாளில் இரட்டிக்கும் அளவுக்கு வேகமானது, ஆனால் நேரத்தோடு மருந்து ஏற்றினால் பெரும்பாலான பிள்ளைகள் சுகப்படும் கட்டியும் அதுதான்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வன்னியில் மலேரியாவைத் தெரியாத மூத்தவர் கிடையாது. குளமும் காடும் நுளம்பும் சூழ்ந்த எங்கள் பக்கம் நாட்டிலேயே அதிகம் அடிபட்ட பகுதிகளில் ஒன்று. ஆனாலும் இலங்கையில் பெரும்பாலும் இருந்தது பல்சிப்பாரம் இல்லை, வைவாக்ஸ் என்ற வேறு வகை. அந்த மலேரியாவும் இப்போது இல்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆகவே மாமா போனில் பார்த்த ஆபிரிக்கப் பிள்ளைகளின் படங்களை உங்கள் மகனோடு பொருத்திப் பார்க்கவே தேவையில்லை.

இரண்டாவது, மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் வரும் புற்றுநோய். தென்சீனாவிலும் ஹொங்கொங்கிலும் இது அதிகம். அங்கே பிறப்பால் வரும் நாட்டமும் உணவும் ஈபிவியோடு சேர்கின்றன. சீன முறையில் செய்த உப்புமீனும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் இருக்கிறது. இதைக் கேட்டதும் முல்லைத்தீவுக் கருவாட்டைக் கைவிட வேண்டுமோ என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே மீனை ஓரளவு அழுகவிட்டு உப்பில் ஊறவைக்கும் முறை உண்டு, அதைப் பால் மறக்கும் வயதிலிருந்தே பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அந்த முடிவு அந்த மீனைப் பற்றியது. எங்கள் கருவாட்டில் பிரஷர்காரர் பயப்பட வேண்டியது உப்புக்கு. ஆனால் இந்தப் புற்றுநோயின் குணங்களை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது: கழுத்தின் ஒரு பக்கத்தில் நோவில்லாத கட்டி, ஒரு காது மட்டும் அடைத்தபடி இருப்பது, மூக்கால் இரத்தம் வந்துகொண்டிருப்பது.

இரைப்பைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றிலும், ஹொட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோயின் ஒரு பகுதியிலும் ஈபிவி இருக்கிறது. அவற்றுக்குள் இப்போது போகவில்லை. இதே குடும்பத்தில் புற்றுநோயை உண்டாக்கும் இன்னொரு வைரஸும் உண்டு, 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது கபோசி என்ற கட்டியோடு தொடர்புடையது, எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களிலேயே பெரும்பாலும் பிரச்சினை தரும்.

எதிர்ப்புச் சக்தி குறைவது என்றதும் வன்னியில் நான் அதிகம் கவலைப்படுவது வேறொரு கூட்டத்தாரைப் பற்றி. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்து விவசாயக் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. அவர்களில் சிலர் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வரை போகிறார்கள். புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க ரி கலங்களை அடக்கும் குளிசைகளைத் தொடர்ந்து குடிக்க வேண்டும். ஈபிவியைக் காவல் காப்பதும் அதே ரி கலங்கள்தான். காவல் தளர்ந்தால், அடங்கிக் கிடந்த பி கலங்கள் திரும்பப் பெருகி நிணநீர்ப் புற்றுநோயாக மாறலாம். முதல் வருடத்தில் ஆபத்து கூட. ஈபிவி தொற்றாத ஒரு பிள்ளைக்கு, ஈபிவி உள்ள பெரியவர் சிறுநீரகம் கொடுத்தால் இன்னும் கூட. இதற்கு வைத்தியத்தில் முதல் படி, அந்தக் குளிசைகளின் அளவைக் குறைப்பது. ரி கலம் திரும்பி வந்தாலே சிலருக்குக் கட்டி கரைந்துவிடும். சுகதேகியின் ரி கலங்களை ஈபிவிக்கு எதிராகப் பழக்கி நோயாளிக்கு ஏற்றும் ஒரு சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2022இல் அனுமதி கிடைத்தது. மாற்றுச் சிகிச்சை செய்தவருக்குக் காய்ச்சலோ நெறியோ வந்தால், ஊர் டிஸ்பென்சரியில் மருந்தெடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கு அன்றே அறிவிக்க வேண்டும். ஆனால் தாங்களாகக் குளிசையை நிறுத்தவும் கூடாது, சிறுநீரகமே போய்விடும்.

இனி உங்கள் மகனின் அறிக்கை. 'பொசிட்டிவ்' என்ற ஒரு சொல்லோடு நிற்காமல், எது பொசிட்டிவ் என்று பாருங்கள். விசிஏ, எப்னா என்பவை வைரஸின் புரதங்கள்; ஐஜிஎம், ஐஜிஜி என்பவை அவற்றுக்கு எதிராக உடம்பு செய்யும் இரண்டு வகைப் பிறபொருளெதிரிகள். விசிஏ ஐஜிஎம் பொசிட்டிவ், எப்னா ஐஜிஜி நெகட்டிவ் என்றிருந்தால் இப்போதுதான் தொற்றியிருக்கிறது. விசிஏ ஐஜிஜியும் எப்னா ஐஜிஜியும் பொசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றிருந்தால் அது பழைய தொற்று, இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். எப்னா ஐஜிஜி வருவதற்கு இரண்டு மூன்று மாதம் செல்லும், வந்தால் ஆயுளுக்கும் இருக்கும். ஆறு மாதத்துக்கொருமுறை காசு கொடுத்து அதைத் திரும்பச் செய்வதால் ஒரு பயனும் இல்லை. புற்றுநோய் வருமா வராதா என்று இந்தப் பரிசோதனை சொல்லாது.

வைரஸை வெளியேற்றும் மருந்து இல்லை, தடுப்பூசியும் இன்னும் பாவனைக்கு வரவில்லை. ஓய்வு, நீராகாரம், காய்ச்சலுக்கு பனடோல். அஸ்பிரின் வேண்டாம். தொண்டை நோ என்று பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்தக் காய்ச்சல் இருக்கும்போது அது உள்ளே போனால் பலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிடும். மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும் என்பதால் ஒரு மாதமாவது உதைபந்தாட்டம், பாரம் தூக்குவது, சைக்கிளில் துள்ளுவது எல்லாம் நிறுத்த வேண்டும். இடப்பக்க விலாவுக்குக் கீழே திடீரென்று கடும் வலி வந்தாலோ மூச்செடுக்கச் சிரமப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. களைப்பு மட்டும் சில கிழமை இழுபடலாம். பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருக்கிறான் என்று பிள்ளையை ஏசாதீர்கள்.

புற்றுநோயைப் பற்றி இத்தனை கவலைப்படும் வீட்டில் நான் கேட்பது இரண்டு. வீட்டில் ஆராவது வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்களா? இலங்கை ஆண்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய், அதன் பெரும் காரணம் அந்தப் புகையிலையும் பாக்கும். பெண் பிள்ளை இருக்கிறாவா? கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வேறொரு வைரஸுக்கு எதிரான ஊசி, 2017இலிருந்து ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இலவசமாகப் போடப்படுகிறது. அதற்குக் கையெழுத்து வைக்க மறுக்காதீர்கள்.

மகனின் நெறி இன்னும் நான்கு முதல் ஆறு கிழமைக்குள் சுருங்க வேண்டும். அப்படிச் சுருங்காமல் பெருத்தால், கல்லுப்போல இறுகினால், கழுத்தடியில் காறையெலும்புக்கு மேலே புதிதாக ஒன்று வந்தால், உடம்பு மெலிந்து இரவில் உடுப்பு நனைய வியர்த்தால், கிளிநொச்சி அல்லது வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நிணநீர்ப் புற்றுநோய்க்கு முன் அவர்கள் காசநோயைத் தேடுவார்கள், இந்தக் குணங்கள் அதற்கும் பொருந்தும். தேவைப்பட்டால் நெறியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். துண்டு எடுத்தால் நோய் பரவிவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டு மறுத்துவிடாதீர்கள். புற்றுநோய் என்றே வந்தாலும் இப்போது கொழும்புப் பக்கம் மகரகம வரை ஓட வேண்டியதில்லை, தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது இந்த ஈபிவி அறிக்கையையும் முதல் காய்ச்சலில் எடுத்த இரத்த அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.